தேவாலயச் சாராயம் அல்ல, மடத்துப் பாணி பீர்

பெல்ஜியத்தின் 'அபே ஏல்' என்னும் பீர் வகை தமிழுக்கு வரும்போதெல்லாம் 'தேவாலயச் சாராயம்' ஆகிவிடுகிறது. பயணக் கட்டுரையில் பார்த்தேன், படத்தின் துணைவசனத்தில் பார்த்தேன். அண்மையில் ஒரு பானப் பட்டியலின் தமிழாக்கத்தில் 'டிரிப்பெல்' என்ற பீருக்கு 'மும்முறை வடித்த தேவாலயச் சாராயம்' என்று விளக்கம் போட்டிருந்தார்கள். நான்கு சொற்கள், நான்கும் தப்பு.

முதலில் மூலம். 'அபே' என்பது லத்தீன் 'அப்பாத்தியா' வழியாக வந்தது. துறவிகள் ஒரு தலைவரின் கீழ் கூடி வாழும் இடம் என்று பொருள். அந்தத் தலைவர் 'அப்பாஸ்'. அதற்கு அடி, தந்தையைக் குறிக்கும் அரமேயச் சொல்லான 'அப்பா'. தமிழ் விவிலியத்தில் 'அப்பா, பிதாவே' என்று வருவதும் அதே அரமேயச் சொல்தான். நம் அப்பாவோடு ஒலி ஒத்துப்போவதைப் பிடித்துக்கொண்டு தமிழிலிருந்து போனது என்று கிளம்ப வேண்டாம். 'ஏல்' பீரைக் குறிக்கும் ஆங்கிலேயரின் பழைய சொல். பெல்ஜியத்தில் டச்சு பேசுபவரும் பிரெஞ்சு பேசுபவரும் தத்தம் மொழியில் 'மடத்து பீர்' என்றே சொல்கிறார்கள். அதனால் ஏலுக்கு நாம் தனிச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை, பீர் போதும்.

சரி, சாராயத்துக்கு வருவோம். சாராயம் என்றால் வடித்தது. 'மலையடிவாரத்தில் சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அந்த ஊறல் நொதித்த நிலை. அதை அடுப்பேற்றி, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால்தான் சாராயம். பீர் அந்த இரண்டாம் கட்டத்துக்குப் போவதே இல்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்து, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைக்கிறார்கள். ஆவி பிடிக்கும் வேலை எங்குமே கிடையாது. வெஸ்ட்மாலே மடத்தின் டிரிப்பெல்லில் ஆல்கஹால் 9.5 சதவீதம், ரோஷ்ஃபோர் மடத்தின் 10 என்ற எண் போட்ட பீர் 11.3 சதவீதம். நம் ஊர் பிராந்தி புட்டியில் 42.8 என்று அச்சடித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாராயம் என்று படித்தவர் அதைச் சின்னக் குப்பியில் ஊற்றி ஒரே மடக்கில் விழுங்கப் பார்ப்பார்; பீர்தானே என்று நினைப்பவர் பெரிய குவளையில் வாங்கி மளமளவென்று குடித்துத் தலைசுற்றி உட்காருவார். இரண்டையும் தடுக்க வேண்டியது மொழிபெயர்ப்பவரின் கடமை.

'மும்முறை' எங்கிருந்து வந்தது? டிரிப்பெல் என்பதில் 'மூன்று' இருக்கிறது, டுப்பெல் என்பதில் 'இரண்டு' இருக்கிறது. ஆனால் எதையும் மூன்று தடவை செய்வதில்லை. அவை வீரியத்தின் படிநிலைகள், அவ்வளவுதான். துறவிகள் அன்றாடம் தாங்கள் குடிக்க வைத்துக்கொள்ளும் மெல்லிய பீர் ஒன்று உண்டு. அதைவிடக் கனமானது டுப்பெல், அதற்கும் மேலே டிரிப்பெல். வீரியம் மூன்று மடங்கும் ஆகாது: வெஸ்ட்மாலேயில் டுப்பெல் 7 சதவீதம், டிரிப்பெல் 9.5. ஆகவே இவற்றைப் பெயர்ச்சொல்லாக அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை. இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

தேவாலயம் என்பது அடுத்த கோளாறு. தேவாலயத்தில் பானம் என்றால் தமிழ்க் கத்தோலிக்கர் யாருக்கும் திருப்பலியின் திராட்சை இரசம்தான் நினைவுக்கு வரும். பீருக்கும் பலிபீடத்துக்கும் தொடர்பே இல்லை. தம் கை உழைப்பில் வாழ வேண்டும் என்பது புனித பெனடிக்டின் ஒழுங்கு. அதைப் பின்பற்றும் துறவிகள் பாலாடைக்கட்டி செய்தார்கள், பீர் செய்தார்கள். செய்த இடம் மடம். கன்னியர் மடம் என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம், அந்தச் சொல் கையருகே இருக்கும்போது தேவாலயத்தை ஏன் இழுக்க வேண்டும்?

தூய தமிழ் அன்பர்கள் சிலர் 'மடத்தேறல்' என்கிறார்கள். கேட்க இனிமைதான், பொருள்தான் இடிக்கிறது. தேறல் என்றால் தெளிந்தது, வண்டல் நீங்கிய தெளிவு. இந்த பீரின் சிறப்போ அடியில் படியும் மண்டிதான். புட்டியில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். மூடிக்குள்ளேயே மறுபடி நொதிக்கிறது, நுரையும் அதிலிருந்தே வருகிறது. தெளியாத ஒன்றைத் தேறல் என்பதா? சங்கச் சொல்தான் வேண்டுமென்றால் 'தோப்பி' பொருத்தம். 'இல்லடு கள்ளின் தோப்பி' என்கிறது பெரும்பாணாற்றுப்படை. அது நெல்லில் ஆக்கிய வீட்டுக் கள்; தானியம், நொதிப்பு இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் இன்று பட்டியலில் தோப்பி என்று போட்டால் எத்தனை பேருக்குப் புரியும்? குடிப்பவருக்கு விளங்காத தூய்மையால் யாருக்குப் பயன்?

இனி 'மடத்து பீர்' என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. மடத்தின் மதிலுக்குள், துறவிகளின் மேற்பார்வையில் ஆவது ஒரு வகை. அதில் ட்ராப்பிஸ்ட் சபையினருடையதுக்கு ட்ராப்பிஸ்ட் பீர் என்றே பெயர். அந்தப் பெயரைக் காக்க 1997இல் தனிச் சங்கம் அமைத்தார்கள், புட்டியில் அறுகோண முத்திரையும் இருக்கும். அதே பாணியில் வெளி ஆலைகள் செய்வது இன்னொரு வகை. லெஃப் மடம் தினான் ஊரில் இருக்கிறது. லெஃப் பீரோ ஒரு பெரிய நிறுவனத்தின் லூவன் ஆலையில் ஆகிறது, மடத்துக்குப் பெயர் உரிமைத் தொகை போகிறது. 'அபே' என்று புட்டியில் கண்டால் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். அதனால்தான் 'மடத்துப் பாணி பீர்' என்கிறேன். 'மடப்பாணி' என்று சுருக்க வேண்டாம், மடமை முந்திக்கொண்டு வரும்.

பரிமாறும் குறிப்புகளிலும் இதே அகராதிப் புத்திதான். மேலே நிற்கும் நுரை ஆங்கிலத்தில் 'ஹெட்' என்பதால் அதைத் 'தலை' என்கிறார்கள், வாயில் உணரும் கனம் 'பாடி' என்பதால் அதை 'உடல்' என்கிறார்கள். மண்டியைக் 'கழிவு' என்று எழுதி வாசகரைப் பயமுறுத்துகிறார்கள். காப்பி டிகாக்‌ஷனின் அடியில் தங்குவதை மண்டி என்று எந்த வீட்டிலும் சொல்வார்களே!

இப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்: புட்டியை ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வையுங்கள். ஜில்லென்று வேண்டாம், 10 முதல் 14 டிகிரி போதும். மிகக் குளிர்ந்தால் மணம் எழாது. வாய் அகன்ற, காலுள்ள கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் மெல்ல ஊற்றி, கடைசியில் நிமிர்த்தினால் இரண்டு விரற்கடை நுரை நிற்கும். அடியில் ஒரு விரற்கடை மண்டியைப் புட்டியிலேயே விட்டுவிடுங்கள். விரும்புபவர் தனியாக ஊற்றிக் குடிக்கலாம். டுப்பெல்லில் உலர்திராட்சையும் கருகிய சர்க்கரையும் மணக்கும், டிரிப்பெல்லில் கிராம்பும் மிளகும் வாழைப்பழமும், முடிவில் உலர்ந்த கசப்பும்.

டுப்பெல்லின் கருநிறத்துக்குக் காரணம் 'கண்டி' சர்க்கரைப் பாகு. இதையும் 'மிட்டாய் சர்க்கரை' என்று எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தின் வழியே மிட்டாயான அந்தச் சொல் வடமொழியில் 'கண்ட', நம்மிடம் கண்டு. பாகைக் காய்ச்சிக் கருக்கினால் பீருக்குப் போகும். அதையே நூலில் படியவிட்டால் நம் கடையில் விற்கும் கற்கண்டு. அடுத்த முறை பட்டியல் அச்சிடுபவர்கள் 'கற்கண்டுப் பாகு' என்று போடட்டும்.