‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்று இனிமேல் சொல்லாதீர்கள்

‘தீராத வயிற்று வலி: பெண் தற்கொலை.’ மாவட்டச் செய்திப் பக்கத்தில் இந்த மாதம் மட்டும் இப்படி மூன்று தலைப்புகளைப் பார்த்துவிட்டேன். நான்கு வரி, ‘போலீசார் விசாரித்து வருகிறார்கள்’, அவ்வளவுதான். “பாவம், வலி தாங்கவில்லை போலிருக்கிறது” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். வலி நிவாரணப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அந்த நான்கு வரிகளைக் கண்டால் ஆத்திரமாக வருகிறது. கடும் வலியோடு பல ஆண்டுகள் வாழ்கிறவர்களை அன்றாடம் பார்க்கிறேன். உயிரே வேண்டாம் என்று பேசுகிறவர்களிடம் கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால், அநேகமாக ஒரே வாக்கியம்தான் வருகிறது: “யாருமே நம்பவில்லை, டாக்டர்.”

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த காரணம் நோய், 18.4 சதவீதம். அந்த நோய்ப் பட்டியலில் புற்றுநோய் உண்டு, பக்கவாதம் உண்டு, மனநோய் உண்டு. வலிக்குத் தனியாக ஒரு வரி கிடையாது.

போன வாரம் ஓர் அம்மா வந்தார். முதுகு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வருடம். மடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் ஓரம் சுருண்டுபோன எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்கள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார முடிந்தது. அவரிடம் நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கணவர் பதில் சொன்னார். “எல்லா ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமே இல்லை. இவளாகத்தான் நினைத்துக்கொள்கிறாள்.” அந்த அம்மா பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஸ்கேன் என்பது எலும்பையும் ஜவ்வையும் காட்டும் படம். வலியைப் படம் பிடிக்கும் கருவி எதுவும் எங்கள் கிளினிக்குகளில் இல்லை. வலியே இல்லாத பலருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் ஜவ்வு விலகியிருப்பது தெரியும். படம் சுத்தமாக இருக்கிறவர் இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலியில், புண் ஆறிய பிறகும் நரம்புகள் அபாயச் சேதியை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். திருவிழா முடிந்த பிறகும் அணைக்காமல் விட்ட ஒலிபெருக்கி மாதிரி. பந்தலில் யாருமில்லை என்பதற்காகச் சத்தம் பொய்யாகிவிடுமா? ‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் ‘ஸ்கேனில் தெரியவில்லை’ என்று மட்டுமே பொருள். அதை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று மாற்றிச் சொல்கிறவர்களில் எங்கள் மருத்துவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கணவரை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு நேராகக் கேட்டேன்: “உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா, அம்மா?” சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. “ஆறு மாதமாக” என்றார். பிறகுதான் அழுதார். அந்த ஆறு மாதத்தில் அவர் பார்த்த எவரும் இதைக் கேட்டிருக்கவில்லை.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதீர்கள். ஏற்கெனவே மனத்தில் இருப்பதை இறக்கிவைக்க இடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். “போய்ச் சேர்ந்தால் தேவலை”, “உங்களுக்கெல்லாம் பாரமாக இருக்கிறேன்” என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அது புலம்பல் இல்லை. “அப்படியெல்லாம் பேசாதே” என்று வாயை அடைக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவரைத் தனியே விடாதீர்கள். தூக்கம் கெட்ட வலிதான் எங்களை அதிகம் பயமுறுத்துவது. மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். வயலுக்கு வாங்கும் மருந்து வீட்டுக்குள் வரவே கூடாது.

பழகிவிடும் என்று பயந்து வலி மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அந்த நாட்கள் மிகவும் ஆபத்தானவை. மனச்சோர்வுக்கும் தருகிற சில மாத்திரைகளை நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் எழுதுவோம். அதைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்து” என்று குப்பையில் போடாதீர்கள். புது மாத்திரை தொடங்கிய பிறகு மனநிலை மாறினால் அன்றே எங்களிடம் சொல்லுங்கள்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை போலீஸ் கேஸுக்குப் பயந்து வீட்டில் ஒளித்து வைத்திருந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள்.

இதைப் படிக்கும் நீங்களே அந்த வலியோடு இருந்தால், உங்கள் வலி உண்மை. நான் நம்புகிறேன். இன்று இரவைத் தாண்டுவது கடினமாகத் தெரிந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

அந்த அம்மாவுக்கு வரும் வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். மனநல மருத்துவரையும் அன்றைக்கு என் அறைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: காலையில் எழுந்ததும், “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய்?” என்று கேளுங்கள், அவர் சொல்கிற பதிலை மறுத்துப் பேசாதீர்கள்.