மோரோ மறிவினை

பச்சைக் குழந்தையைக் கிடத்தும்போது தலையைத் தாங்கிய கை சற்றே தாழ்ந்தால் போதும். இரண்டு கைகளும் பக்கவாட்டில் வீசி விரியும், விரல்கள் அகலும். பிறகு எதையோ கட்டிக்கொள்வதுபோல் மார்போடு சேரும். கூடவே ஓர் அழுகை. 'தூக்கிவாரிப் போடுது' என்பார்கள் வீட்டில். மருத்துவர்கள் மோரோ ரிஃப்ளெக்ஸ் என்பார்கள்.

மோரோ என்பது ஆள் பெயர். மோருக்கும் இதற்கும் உறவில்லை. எர்ன்ஸ்ட் மோரோ 1874இல் இன்றைய ஸ்லொவேனியாவின் லுப்லியானாவில் பிறந்தவர், ஜெர்மனியின் ஹைடல்பர்கில் குழந்தை மருத்துவப் பேராசிரியர். வயிற்றுப்போக்குக்குக் கேரட் சூப் கொடுத்துப் பெயர் வாங்கியவரும் இவரே. குழந்தையின் தலையணையை இருபுறமும் தட்டி இந்த அசைவை வரவழைத்து, 1918இல் அதைப் பற்றி எழுதினார். 'இறுகத் தழுவும் ரிஃப்ளெக்ஸ்' என்பது அவர் ஜெர்மனில் இட்ட பெயரின் பொருள்.

ரிஃப்ளெக்ஸுக்கு லத்தீன் வேர், 'பின்னோக்கி வளைதல்'. உள்ளே போன தூண்டல் மூளையின் யோசனைக்குக் காத்திராமல் திரும்பித் தசைக்கு வருவதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'அனிச்சைச் செயல்' என்கின்றன, இலங்கையில் 'தெறிவினை'. அனிச்சை என்றால் விருப்பமின்றி நடப்பது, அவ்வளவுதான். இதயத்துடிப்புகூட அதில் அடங்கிவிடும். மறிதல் என்றால் திரும்புதல், ஆகவே திரும்பி வருவதைச் சொல்வது 'மறிவினை'. என் ஓட்டு அதற்கே. 'திடுக்கிடல்' என்று பெயர்ப்பதும் சரியில்லை. திடுக்கிடுவது ஆயுளுக்கும் உண்டு, அதில் கை மடங்கத்தான் செய்யும். மோரோவில் முதலில் விரியும், சில மாதங்களில் மறைந்தும் போகும்.

அந்த மறைவில்தான் மருத்துவரின் கண் இருக்கிறது. வழக்கமாக 4 முதல் 6 மாதத்துக்குள் மூளையின் மேற்பகுதி முதிர்ந்து இதை அடக்கிவிடும். தலை அசையும்போதெல்லாம் கை விரிந்துகொண்டிருந்தால் குழந்தை குப்புற விழுவதும் கையூன்றி உட்காருவதும் எப்படி? 6 மாதம் தாண்டியும் நீடித்தால் பெருமூளை வாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை, உண்டா என்று பார்ப்பார்கள். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டமாட்டார்கள். தலை நின்றதா, தசை விறைப்பாக இருக்கிறதா, துவண்டிருக்கிறதா என்பதையும் சேர்த்தே கணிப்பார்கள். பிறந்தவுடன் ஒரு கை மட்டும் விரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் மூளையில் இராது. பிரசவத்தில் காறை எலும்பு முறிந்திருக்கலாம், தோள் நரம்புகள் இழுபட்டிருக்கலாம்.