சனி பெயர்ந்தது எந்த ஆண்டில்?

2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். அதெல்லாம் இல்லை, 2026 மார்ச்சில்தான் போவார் என்றது வாக்கியப் பஞ்சாங்கம். கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம். ஏழரை முடிந்ததா, இன்னும் ஓராண்டு பாக்கியா என்று தெரியாமல் எத்தனையோ வீடுகளில் குழம்பினார்கள்.

வானத்தில் இருப்பதோ ஒரே சனி. 2026 மார்ச் தொடக்கத்தில், திருக்கணிதப்படி அது மீனத்துக்குள் 8 பாகை (டிகிரி) தாண்டியிருந்தது. வாக்கியப்படி அப்போதுதான் வாசலில் நின்றது. 8 பாகை எவ்வளவு என்று பார்க்கக் கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கிப் பிடியுங்கள். அந்த முட்டி மறைக்கும் வானத்தின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஒரு முட்டிக்குக் கொஞ்சம் குறைவான பிழை. தொலைநோக்கி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணுக்கே பிடிபடும் பிழை.

இதைக் கேட்டதும் அறிவியல் படித்த நண்பர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "பூமியை நடுவில் வைத்துக் கணக்குப் போட்டால் வேறு எப்படி வரும்?" இந்தப் பதில் தவறு. இரண்டு பஞ்சாங்கமும் பூமியைத்தான் நடுவில் வைத்திருக்கின்றன. அதில் திருக்கணிதம் வானியல் கூடங்களின் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, வாக்கியம் பொருந்தவில்லை. ராசிச் சக்கரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்ற அயனாம்ச வேறுபாடு இதில் சிறு பங்குதான். ஒரு கிரகம் இத்தனை ஆண்டில் இத்தனை சுற்று என்ற பழைய எண்களை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தாமல் விட்டதுதான் பெரும்பங்கு. மையத்தின் மேல் பழியைப் போட்டு எண்களைத் தப்பவிடக் கூடாது.

மையம் என்பது உட்கார்ந்து பார்க்கும் இடம். அவ்வளவே. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று ஆரியபடர் 499-லேயே எழுதிவிட்டார். படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் பொருள்கள் பின்னோக்கிப் போவதுபோல், அசையாத விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்பது அவர் சொன்ன உவமை. அப்படிச் சொன்னவரே கிரக நிலைகளைப் பூமியிலிருந்து பார்த்துத்தான் கணித்தார். முரண்பாடு ஒன்றும் இல்லை. படகில் இருப்பவனுக்குத் தேவை, கரை மரம் தனக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்பது.

செவ்வாய் வக்கிரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் கடகத்தில் போய்க்கொண்டிருந்த செவ்வாய் நின்று, பின்னோக்கித் திரும்பி, மிதுனத்துக்குள் வந்து, 2025 பிப்ரவரி கடைசியில் மறுபடி நேராகப் போகத் தொடங்கியது. சூரியனில் உட்கார்ந்து பார்த்தால் இந்தக் கூத்து எதுவும் நடக்கவில்லை. பூமி விநாடிக்கு 29.8 கி.மீ. வேகத்தில் உள்வட்டத்தில் ஓடுகிறது, செவ்வாய் 24.1 கி.மீ. வேகத்தில் வெளிவட்டத்தில் ஓடுகிறது. ஏறக்குறைய 780 நாளுக்கு ஒருமுறை நாம் அதை முந்துகிறோம். புறவழிச்சாலையில் நம் பேருந்து ஒரு லாரியை முந்தும்போது, தூரத்துப் பனைமரங்களோடு ஒப்பிட்டால் லாரி பின்னால் நழுவுவதுபோல் தெரியுமே, அதுதான் வக்கிரம்.

இதைச் சித்தாந்தங்கள் என்னும் பழைய இந்திய வானியல் நூல்கள் கையாண்ட விதம் அழகானது. ஒவ்வொரு கிரகத்துக்கும் இரண்டு திருத்தங்கள்: மந்தம், சீக்கிரம். மந்தம் என்பது கிரகத்தின் பாதை சரியான வட்டமாக இல்லாததற்கு. சீக்கிரம் என்பது வக்கிரத்துக்கு. செவ்வாய், குரு, சனி மூன்றுக்கும் அந்தச் சீக்கிரத் திருத்தம் எந்தக் காலக்கணக்கில் ஓடுகிறது என்று பார்த்தால், சூரியனின் ஓராண்டுக் கணக்கில்! மூன்று கிரகங்களுக்கும் சூரியனோடு என்ன சம்பந்தம்? பூமி சூரியனைச் சுற்றும் ஓட்டத்தைத்தான் கிரகத்தின் கணக்கில் பற்று எழுதியிருக்கிறார்கள். 1500-ஐ ஒட்டி, கேரளத்து வானியல் கணிதர் நீலகண்ட சோமயாஜி அடுத்த படிக்குப் போனார். ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் அவற்றையும் இழுத்துக்கொண்டு பூமியைச் சுற்றுகிறது என்றார். ஐரோப்பாவில் வானியலாளர் டைக்கோ பிராஹே இதே போன்ற அமைப்பைச் சொன்னது அதே நூற்றாண்டின் பிற்பகுதியில்.

ராகு, கேது கதையும் இப்படித்தான். பாம்பு விழுங்குகிறது என்று பாட்டி சொன்னாலும், பஞ்சாங்கக் கணக்கில் அவை இரண்டும் வெறும் புள்ளிகள். நிலாவின் பாதை, சூரியன் போவதாகத் தெரியும் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள் ராகுவும் கேதுவும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்கு அருகில் வந்தால் மட்டும் கிரகணம். இந்தப் புள்ளிகள் எப்போதும் பின்னோக்கியே நகர்ந்து, 18.6 ஆண்டில் ஒரு சுற்று வருகின்றன. சாய்ந்து சுற்றும் பம்பரத்தின் தலை மெதுவாக வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலாவின் சாய்ந்த பாதையைச் சூரியனின் ஈர்ப்பு விடாமல் முறுக்குவதால் அந்தப் பாதையும் அப்படி வட்டமிடுகிறது. பொருளே இல்லாத இடத்துக்குக் கிரகப் பட்டம் கொடுத்தார்கள் என்று கேலி செய்கிறவர்கள், அந்தப் புள்ளியின் வேகத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாக்கியப் பஞ்சாங்கத்தை மட்டம் தட்டியதற்குப் பரிகாரமாக அதன் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். நிலா தினமும் ஒரே அளவு நகர்வதில்லை. ஒரு நாள் 12 பாகைக்கும் குறைவு, இன்னொரு நாள் 15-க்கும் மேல். பூமிக்கு அருகில் வரும்போது வேகம், தூரத்தில் மந்தம். இதை விதியாக 1609-ல் வெளியிட்டவர் ஜெர்மன் வானியலாளர் கெப்ளர். பூமிக்கு மிகத் தூரமான இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அதே தூரத்துக்கு வர நிலாவுக்கு 27.5545 நாள். அதை 9-ஆல் பெருக்கினால் 247.99. அதாவது 248 நாள் முடிந்தால் நிலாவின் வேகக் கதை அப்படியே திரும்ப ஓடும். ஆகவே 248 நாளுக்கு 248 சிறு வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதனால்தான்.

முதல் வாக்கியம் 'கீர் ந: ச்ரேய:'. நம் சொல் நன்மை தரட்டும் என்பதுபோல் ஒரு மங்கலத் தொடர். ஆனால் புள்ளி வைத்த மெய்யை விட்டுவிட்டால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு: கீ 3, ந 0, ரே 2, ய 1. கடைசியிலிருந்து படித்தால் 1203. அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). நிலா தன் மந்தமான இடத்திலிருந்து முதல் நாளில் நகரும் தூரம்! மனப்பாடச் செய்யுளுக்குள் கெப்ளரின் விதி உட்கார்ந்திருக்கிறது. விதி என்ற பெயர் மட்டும் இல்லை.

இது வேலை செய்ததற்கு நேரடிச் சாட்சி உண்டு. ஜான் வாரன் என்பவர் ஆங்கிலேயரிடம் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர். சென்னை வானியல் கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டவர். புதுச்சேரியில் அவர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை மனத்திலிருந்தே எடுத்து, 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கணித வரலாற்று அறிஞர் ஆட்டோ நியூகபவர் 1952-ல் அந்தக் கணக்கைச் சரிபார்த்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. முடிவு சொதப்பல்தான். ஆனாலும் சோழிக்கு 4 நிமிடம்! என் கைப்பேசி இல்லாமல் அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்றுகூட என்னால் சொல்ல முடியாது.

கைப்பேசி என்றதும் இன்னொன்று. இன்று ஜோதிடர்கள் பயன்படுத்தும் பல மென்பொருள்களுக்குள் இருப்பது சுவிஸ் எஃபிமெரிஸ் என்னும் கணிப்புத் தொகுப்பு. அதற்கு அடிப்படை, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் விண்கலங்களை வழிநடத்தத் தயாரிக்கும் கிரக அட்டவணை. அந்த அட்டவணை நியூட்டனோடு நிற்பதில்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் திருத்தங்களையும் போட்டுத்தான் கிரகங்களை ஓட்டுகிறது. புதனின் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (60 விகலை ஒரு கலை) கூடுதலாகத் திரும்புவதை நியூட்டனால் விளக்க முடியவில்லை. 1915-ல் ஐன்ஸ்டைன் விளக்கினார். ஜாதகத்தில் புதன் எங்கே என்று ஆப்பைத் தட்டும்போது அந்த 43 விகலையும் கணக்கில் வந்துவிடுகிறது. வேத ஜோதிடத்துக்கும் நவீன இயற்பியலுக்கும் தொடர்பு என்று பக்கம் பக்கமாகக் குவாண்டம் அளக்கிறார்கள். மெய்யான தொடர்பு ஜோதிடரின் சட்டைப்பைக்குள் இருக்கிறது.

அந்த அட்டவணையின் மையம் எது? பூமி இல்லை. சூரியனும் இல்லை! சூரியக் குடும்பம் முழுவதன் நிறைமையம், அதாவது எல்லா எடையும் சமன்படும் புள்ளி. குருவின் இழுப்பு ஒன்றே அந்தப் புள்ளியைச் சூரியனின் நடுவிலிருந்து 7.4 லட்சம் கி.மீ. தள்ளி வைக்கப் போதும். சூரியனின் ஆரமோ சுமார் 7 லட்சம் கி.மீ. சில ஆண்டுகளில் குடும்பத்தின் மையம் சூரியனுக்கு வெளியே வெற்றிடத்தில் கிடக்கும். அங்கே வைத்துக் கணக்குப் போட்டு முடித்த பிறகு, பூமியின் இடத்தைக் கழித்துவிட்டால் ஜோதிடருக்கு வேண்டிய பூமி மைய எண் வந்துவிடும். ஒரு கழித்தல் கணக்கு, அவ்வளவுதான் நடுவில் இருக்கும் தூரம்.

இஸ்ரோவும் மையத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2013 நவம்பர் 5-ல் கிளம்பிய மங்கள்யான் முதலில் பூமியைச் சுற்றியது. கணக்கின் மையம் பூமி. டிசம்பர் தொடக்கத்தில் பூமியின் பிடியை விட்டு, 9 லட்சம் கி.மீ. தாண்டியதும் மையம் சூரியன். 2014 செப்டம்பர் 24-ல் போய்ச் சேர்ந்ததும் மையம் செவ்வாய். ஒரே பயணம், மூன்று மையம். எங்கே உட்கார்ந்தால் கணக்கு எளிதோ அங்கே உட்கார்வது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கணக்குக்கு இன்றும் பூமிதான் நடு. அதில் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி சார்பியல் திருத்தம் போடாவிட்டால், ஒரே நாளில் 10 கி.மீ. தவறிப் போவோம்.

அப்படியானால் பூமி சுற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சரிதானா? வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாடகை அதிகம். பூமி அசையாது, வானம்தான் தினம் ஒரு சுற்று வருகிறது என்றால், 450 கோடி கி.மீ. தூரத்தில் உள்ள நெப்டியூன் விநாடிக்கு 3.2 லட்சம் கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். அது ஒளியைவிட வேகம். இயற்பியல் இதைச் சமாளிக்கும்: சுழலும் இருக்கையிலிருந்து அளந்த வேகம் மெய்யான வேகம் அல்ல என்று சொல்லி, அந்த இருக்கைக்கென்று சில போலி விசைகளையும் சேர்த்து எழுதும். பாரிஸில் 1851-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ தொங்கவிட்ட ஊசல் தன் ஆடுதளத்தைத் தானே திருப்பிக்கொண்டது அந்த விசைகளால்தான் என்றாகிவிடும். சென்னையில் அதே ஊசல் ஒரு சுற்றுத் திரும்ப ஏறக்குறைய 4.4 நாள் ஆகும். இருக்கையை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஊசல் திரும்புவதை நிறுத்த முடியாது. எல்லா மையமும் ஒன்றுதான் என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டார் என முழங்குகிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

இருக்கை செல்லும் என்பதாலேயே பலன் செல்லும் என்றும் ஆகிவிடாது. கடலைத் தூக்கும் ஓத விசையை அளவாகக் கொண்டால், குரு பூமியில் செலுத்துவது நிலா செலுத்துவதில் லட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லை. கல்யாணம் தள்ளிப்போவதற்கு அந்த வழியில் காரணம் கிடைக்காது. வேறு வழி எதையும் இயற்பியல் இதுவரை காணவில்லை. கிரகம் எங்கே என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும்போது அது வானியல். அதனால் உங்களுக்கு என்ன என்று தொடங்கும்போது நான் எழுந்துவிடுவேன்.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுகின்றன என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் ஒரு தகவல் வரும். தாழ்வான பாதையில் பறப்பவை விநாடிக்கு 7.5 கி.மீ. போகின்றன, கிழக்கே பறந்தால் 3 விநாடியில் 22 கி.மீ. கடந்து காரைக்கால் கடலுக்கு மேல் போயிருக்கும். நிற்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சனியைப் பாருங்கள். அவர் ஆண்டுக்கு இருமுறை, வக்கிரம் தொடங்கும்போதும் முடியும்போதும், நம் பார்வைக்கு நிற்கிறார். 2026 அக்டோபர் 4 அன்று அவர் சூரியனுக்கு நேர் எதிரே இருப்பார். சூரியன் மேற்கே மறைந்து இருட்டியதும், கிழக்கே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குச் சற்று மேலே, மினுக்காத மஞ்சள் புள்ளியாகத் தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கிக்கொண்டு, அன்று எந்தப் பஞ்சாங்கம் அவரை எங்கே வைத்திருக்கிறது என்று அளந்து பாருங்கள்.