கையிருப்பு இல்லாத வீட்டின் விலைவாசி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்காளராகத் தொழில் செய்துவருகிறேன். சிறு கடைகளின் வரவு செலவையும் குத்தகையாளர்களின் வருமான வரியையும் பார்ப்பதே என் அன்றாட வேலை. ஆனாலும் சம்பள நாளை ஒட்டிய வாரங்களில், சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தினர் தங்கள் வீட்டுக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்காருவது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. அவர்கள் கொண்டுவரும் நெகிழிப் பையில் சம்பளச் சீட்டும் மின்கட்டணச் சிட்டையும் அடகுச் சீட்டும் இருக்கும்; பெரும்பாலும் அவற்றோடு, முகப்பில் 555 என்று அச்சிட்ட, கடையில் கடனாக வாங்கியதை எழுதிவைக்கும், சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சிறிய கடைப் புத்தகமும் இருக்கும். நான் முதலில் கையில் எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

சில காலத்திற்கு முன் வந்த ஒரு குடும்பத்தில் கணவர் தோட்டத்தில் குலை வெட்டுபவர், மனைவி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், பிள்ளைகள் மூவர். இருவர் சம்பளமும் கைக்கு வரும்போது 3,600 ரிங்கிட்டை ஒட்டியிருந்தது. அந்தத் தொகையில் நெருக்கடி இல்லாமல் வாழ முடியும் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றாலும், மாதத்தின் 18ஆம் நாளிலேயே கை வறண்டுபோவதற்குக் காரணம் சம்பளக் குறைவு மட்டும்தானா என்பதே அவர்களின் கேள்வி. அவர்களுடைய 555 புத்தகத்தை ஒரு மாதத்திற்கு வரி வரியாகப் படித்தோம். சவர்க்காரத் தூள் சிறு பொட்டலமாக ஒன்பது முறை, காப்பித் தூள் பொட்டலம் ஆறு முறை, உடனடி மீ தனித்தனியாக, கொசுவர்த்தி, டின் பால், போத்தல் எண்ணெய், வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த காஸ் தோம்பு என்று மொத்தம் 612 ரிங்கிட். அதே பொருள்களை அதே அளவில், பெரிய பொட்டலமாகவும் கைக்காசு கொடுத்தும் பட்டணத்தில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த அம்மையாரையே அடுத்த வாரம் விலை எழுதிவரச் சொன்னேன். அவர் எழுதிவந்த கூட்டுத்தொகை 489 ரிங்கிட். 123 ரிங்கிட் வேறுபாட்டைப் பார்த்தவுடன் கணவர் கடைக்காரர்மீது கோபப்பட்டார், மனைவிதான், "அவரு நம்மள ஏமாத்தலைங்க. நாம கேட்டதத்தான் எழுதியிருக்காரு" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. கடைக்காரர் ஒரு மாதம் காத்திருந்து பணம் வாங்குகிறார். சிலரிடம் வாங்க முடியாமலேயே போகிறது. அந்த இழப்பெல்லாம் விலையில் ஏறித்தான் தீரும். குடும்பமோ, சென்ற மாதம் உண்டதற்கு இந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, இந்த மாதம் உண்பதற்கு மறுபடியும் புத்தகத்தை நீட்டுகிறது. சிக்கனம் என்றவுடன் மீனைக் குறை, முட்டையைக் குறை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வளரும் பிள்ளைகளின் தட்டில் கைவைப்பதைச் சேமிப்பு என்று நான் எழுதமாட்டேன். தோட்டப்புறக் குடும்பங்களின் பணம் அதிகமாகக் கசிவது, கையில் ஒரு வாரத்துக்குக்கூட இருப்பு இல்லாத காரணத்தால் எல்லாவற்றையும் சிறிதாக, தாமதமாக, தவணையாக வாங்க வேண்டியிருக்கும் நிலையில்தான். ஆகவே எந்தச் செலவைக் குறைப்பது என்பதற்கு முன்னால், ஒரு வார மளிகைக்கான பணத்தை எப்படி முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வது என்று கேட்கிறேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஆண்டுக்குச் சில முறையாவது வழக்கமான சம்பளத்துக்கு மேல் ஒரு தொகை வரத்தான் செய்கிறது: மிகைநேர ஊதியம், போனஸ், ரஹ்மா ரொக்க உதவி, பள்ளி மாணவர்களுக்கான 150 ரிங்கிட் தொடக்க உதவி. அவற்றில் ஒன்றிலிருந்து 150 ரிங்கிட்டைத் தனியே எடுத்து, ஒரு வாரம் கடைப் புத்தகத்தை நீட்டாமல் கைக்காசில் வாங்குங்கள். அதற்கு முன்பு கடைக்காரரிடம் நேரில் போய், "அண்ணே, இன்றோடு புதுக் கணக்கு எழுத வேண்டாம், பழைய பாக்கியை மாதம் 100 ரிங்கிட்டாகக் கட்டிவிடுகிறோம்" என்று சொல்லிவிடுவது முறை. வீட்டில் நோய் வந்த நாளில் அரிசி கொடுத்தவர் அவர்; சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்கு மாறுவது நன்றியும் ஆகாது, நாளை ஓர் ஆபத்து வந்தால் போய் நிற்க இடமும் இருக்காது. நான் அறிந்தவரை, இப்படிச் சொன்ன குடும்பத்தைக் கடிந்துகொண்ட கடைக்காரர் எவரும் இல்லை. நின்றுபோன பாக்கி மாதாமாதம் வருவது அவருக்கும் நிம்மதிதான்.

கைக்காசு இருந்தால்தான் அரசாங்கம் விலை நிர்ணயித்த பொருள்களின் முழுப் பயனும் கிடைக்கும். ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென். போத்தல் எண்ணெய் கிலோவுக்கு 6 ரிங்கிட்டுக்கும் மேல் ஆகிறது. சாதாரணச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 சென், 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசி 26 ரிங்கிட், 14 கிலோ காஸ் தோம்பு 26 ரிங்கிட் 60 சென். பாக்கெட் எண்ணெய் வந்த அன்றே தீர்ந்துவிடும், ஆளுக்கு இத்தனைதான் என்று கடைகள் அளவும் வைக்கும். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை சரக்கு வருகிறது என்று தெரிந்துவைத்திருப்பவரிடம் அன்று காசும் இருந்தால்தான் அது வீட்டுக்கு வரும். காஸ் தோம்பை வீட்டில் இறக்குவதற்குக் கூலி கேட்பது நியாயமே. ஆனால் அந்தக் கூலி எவ்வளவு என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்கத்தின் சாரா உதவி மைகாட் அடையாள அட்டையில் வரும் குடும்பங்கள் அதை அரிசி, எண்ணெய் போன்ற தவிர்க்க முடியாத பொருள்களுக்கே முதலில் செலவிட்டு, அதனால் பையில் மிஞ்சும் ரொக்கத்தை அன்றே ஓர் உறையில் போட்டுவைக்க வேண்டும். உறையில் போடாத பணம் இரவுச் சந்தையில் கரைந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கறிவேப்பிலையும் முருங்கையும் பண்டானும் வீட்டுக் கொல்லையிலேயே வளரும்; அதைப் பற்றித் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்கட்டணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் 2025 ஜூலை முதல் தீபகற்ப மலேசியாவில் கட்டண அமைப்பு மாறியதைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை. வீட்டுப் பயனீட்டாளருக்கு 600 யூனிட் என்பது முக்கியமான எல்லை. அதற்குள் இருந்தால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் இல்லை. தாண்டினால் அதுவும் சேரும், 600க்கு மேற்பட்ட பயன்பாட்டுக்குச் சேவை வரியும் வரும். குறைவாகப் பயன்படுத்துவோருக்கு யூனிட் கணக்கில் ஊக்கக் கழிவு ஒன்றும் உண்டு. முதல் 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு அது மிக அதிகம், பயன்பாடு கூடக் கூடப் படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் இல்லாமலே போய்விடும். ஆகவே சிட்டையில் தொகையை மட்டும் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். ஒரு குதிரைத்திறன் கொண்ட குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட் இழுத்தால், இரவு எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட், மாதத்துக்கு 180 யூனிட். அதை விடியும் வரை ஓடவிடாமல், தூங்கத் தொடங்கிய மூன்று மணி நேரத்தில் தானே நின்றுவிடும்படி நேரம் வைத்து, பிறகு காற்றாடியில் படுப்பதால் மட்டும் 100 யூனிட்டுக்கு மேல் குறையும்.

பழைய குளிர்பதனப் பெட்டியில் இன்னொரு கசிவு இருக்கும். கதவின் ரப்பர் விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். காகிதம் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, பெட்டியும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன குடும்பத்தின் வீட்டில் காகிதம் தானாகவே கீழே விழுந்தது. ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பார்த்தும் பயன் இல்லாததால் புதிதாக மாற்றினார்கள். பெட்டியையே மாற்றத் தவணைக் கடைக்குப் போகவிருந்தவர்கள் அதோடு நின்றார்கள்.

தவணைக் கடையில் விற்பவர் மாதத் தொகையை மட்டுமே சொல்வார். வாங்குபவரும் அதை மட்டுமே கேட்டுத் தலையாட்டிவிடுகிறார். 5,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலை வட்டி, ஐந்து ஆண்டு என்றால் வட்டி 2,000 ரிங்கிட், மாதத் தவணை 116 ரிங்கிட் 67 சென். 8 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் தொடக்கத்து 5,000க்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி ஏறத்தாழ 14 விழுக்காடு. கையெழுத்துப் போடும் முன் மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

அடகு நகையைப் பற்றிப் பேசும்போது பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்குப் பார்க்க மட்டும் நிறைய இருக்கிறது. 3,000 ரிங்கிட்டுக்குச் சங்கிலியை வைத்து மாதம் 2 விழுக்காடு வட்டி என்றால், மாதம் 60 ரிங்கிட். ஆறு மாதக் கெடுவில் வட்டியை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றிக்கொண்டே போனால் ஆண்டுக்கு 720 ரிங்கிட் போய்விடும், சங்கிலியும் திரும்பாது. ஒவ்வொரு முறையும் வட்டியோடு அசலில் 200 அல்லது 300 ரிங்கிட்டாவது குறைத்து மறுசீட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நகைகள் ஆண்டுக்கணக்கில் அடகில் இருந்தால், அவற்றில் ஒன்றை விற்று மற்றவற்றை மீட்பது மனத்துக்கு வருத்தமாக இருந்தாலும் கணக்குக்குச் சரியானது. பாட்டி போட்ட நகையை விற்கச் சொல்ல எனக்கும் நா எழுவதில்லை, அதனால் எதை விற்பது என்பதை வீட்டுப் பெண்களிடமே விட்டுவிடுகிறேன்.

தீபாவளிக்கு முன் தோட்டங்களில் கூட்டு பிடிப்பது, அதாவது பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது, பழைய வழக்கம். நம்முடைய இந்தத் தமிழ்ச் சொல்லே நாட்டுச் சட்டத்தின் பெயரிலும் இருக்கிறது: 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்கிறது. நடத்துபவர் கைவிரித்துவிட்டால் போட்டவர் பணத்தை மீட்பது எவ்வளவு கடினம் என்பதைக் கண்ணீரோடு வந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். கூட்டில் உள்ள நன்மை, மாதாமாதம் கட்டாயமாக ஒரு தொகையை ஒதுக்க வைப்பது. அந்தக் கட்டாயத்தை வங்கியிலேயே ஏற்படுத்திக்கொள்ளலாம்: சம்பளம் விழும் மறுநாளே 80 ரிங்கிட் வேறொரு கணக்குக்குத் தானாக மாறும்படி ஏற்பாடு செய்துவிட்டால், தை முதல் ஐப்பசி வரை 800 ரிங்கிட் சேர்ந்திருக்கும். துணியைக் கடைசி வாரத்தில் வாங்காமல் இரண்டு மாதம் முன்பே எடுத்துவைக்கவும் இது உதவும்.

என் தந்தை பால்மரம் வெட்டியவர். 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்களிடமே மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டியபோது, என் தந்தையும் தம் பங்கைக் கட்டினார். எங்கள் வீட்டிலும் கடைப் புத்தகம் இருந்தது. ஆனால் அந்தப் பத்து வெள்ளியைச் சம்பள நாளன்று முதலில் எடுத்துவைத்த பிறகே அம்மா கடைக்குப் போவார். இன்று வீட்டிலிருந்தே நாசி லெமாக் விற்பவர்களும் தையல் தைப்பவர்களும் அப்படி எடுத்துவைக்க ஒரு வழி உண்டு: ஊழியர் சேம நிதியின் ஐ-சாரான் திட்டத்தில் சொந்தத் தொழில் செய்வோர் கட்டும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, சேர்த்துக் கொடுக்கிறது. ஓர் ஆண்டில் 2,500 ரிங்கிட் கட்டினால் 500 ரிங்கிட் கூடுதல். சம்பளக்காரர்கள் 2024 மே மாதம் முதல் நடப்பில் உள்ள சேம நிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து மாதச் செலவுக்குப் பணம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். 50 ரிங்கிட்டாக எடுப்பது எளிதாக இருப்பதால்தான் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது.

கடன் கைமீறிவிட்ட குடும்பங்களுக்கு மேலே சொன்னவை போதா. ஏடிஎம் அட்டையைப் பிடித்துவைக்கும், உரிமம் இல்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போய் ஒரு கடனை இன்னொரு கடனால் அடைக்காதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக முகவை, அதாவது ஏகேபிகே, கட்டணம் இல்லாமல் ஆலோசனை தருகிறது. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. நமக்கு அருகில் ஈப்போவில் அதன் கிளை இருக்கிறது. போகும்போது கணவன் மனைவி இருவருமே போங்கள்; அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எல்லாக் கடன்களின் அண்மைய அறிக்கை, வீட்டுச் செலவுச் சிட்டைகள் ஆகியவற்றோடு அந்த 555 புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கடைப் பாக்கியை வெளியில் சொல்லத் தயங்கிப் பலர் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்; பிறகு அங்கே போட்டுத் தரும் கணக்கு ஒரு மாதம்கூட நிற்பதில்லை.