‘செல்லாது’ என்று கேட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள்

பெங்களூர் அல்சூரிலிருந்து வந்த அந்தத் தம்பிக்கு 24 வயது. பிளாஸ்டிக் கவரிலிருந்து கிரயப் பத்திர ஜெராக்ஸை எடுத்து மேஜையில் வைத்தார். தாத்தா அவருக்கும் தங்கைக்கும் ஆளுக்குப் பாதியாக உயில் எழுதிவைத்த சைட், அதாவது வீட்டு மனை. பிள்ளைகள் மைனராக இருந்தபோது அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டார். கோர்ட் அனுமதி வாங்கவில்லை.

“பத்தொன்பது வயசுலயே விசாரிச்சேன் மேடம். அது வாய்டு, செல்லாது, பயப்படாதேன்னு சொன்னாங்க.”

அது வாய்டு இல்லை, வாய்டபிள். தமிழில் பேசும்போது இரண்டையும் ‘செல்லாது’ என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. வாய்டு என்றால் அந்த உடன்பாட்டுக்குச் சட்டத்தில் பலமே கிடையாது. பந்தயம் கட்டுவது அப்படி. வாய்டபிள் என்பது, பாதிக்கப்பட்டவர் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று முறைப்படி மறுக்கிற வரைக்கும் செல்லும். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய கையெழுத்து இந்த வகைதான். மறுக்காமல் விட்டால் செல்லிக்கொண்டே இருக்கும்.

மைனர் விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். மைனரே கையெழுத்துப் போட்டால் அந்த ஒப்பந்தம் வாய்டு. 1903-ல் மோகரி பீபி வழக்கில், பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. ஆனால் மைனரின் சொந்தச் சொத்தைக் கார்டியன் கோர்ட் அனுமதியில்லாமல் விற்றால், 1956-ம் வருட இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8-ம் பிரிவுப்படி அது வாய்டபிள். அதை ரத்து செய்யக் கேட்க, 18 வயது முடிந்து மூன்று வருஷம்தான் கெடு. அதாவது 21-க்குள்.

தம்பியின் மார்க் ஷீட்டில் பிறந்த தேதியை இரண்டு தடவை பார்த்தேன். பத்தொன்பதில் கேட்டபோது அவரிடம் முழுசாக இரண்டு வருஷம் இருந்திருக்கிறது. ‘செல்லாது’ என்ற ஒரு சொல்லை நம்பி அதை விட்டுவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

யாராவது உங்களிடம் ‘இந்தப் பத்திரம் செல்லாது’ என்றால், அங்கேயே கேளுங்கள்: தானாகவே செல்லாதா, நான் மறுத்தால்தான் செல்லாதா? மறுக்க எந்தத் தேதி வரை நேரம்? பதிலை எழுதி வாங்குங்கள்.

அப்புறம் தங்கையின் வயதைக் கேட்டேன். போன மாசம்தான் இருபது முடிந்ததாம். அவள் பங்குக்கு இன்னும் பதினொரு மாசம் இருக்கிறது. ஆதார் கார்டோடு நாளைக் காலையே கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.