நிர்ப்பீடனம்: பீடை இல்லாத நிலை

சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் மருமகள் "நிர்ப்பீடனம், நிர்ப்பீடனம்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிநொச்சி வீட்டு முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மம்மா நிமிர்ந்து, "என்ன மோனை, வயலிலை பீடை விழுந்திட்டுதோ?" என்றார். நோய் அண்டாத நிலைக்கு, ஆங்கிலத்தில் இமியூனிட்டி என்பதற்கு, பாடநூல் தரும் சொல் அது. பிள்ளை சிரித்துவிட்டாள். எனக்கென்னவோ சொல்லின் வேரை அம்மம்மாதான் பிடித்தார் என்று பட்டது.

பீடனம் என்றால் வருத்துதல், துன்புறுத்துதல். நம் வாயில் புழங்கும் பீடையும் அந்த வழியில் வந்ததுதான். வன்னியில் பீடை என்றால் முதலில் நினைவுக்கு வருவது நெல்லைக் கருக்கும் கபிலத் தத்திப் பூச்சியும், அதற்காகக் கடையில் வாங்கும் பீடைநாசினியும். "நிர்" சேர்ந்தால் அது இல்லாத நிலை. ஆக நிர்ப்பீடனம் என்பது ஒரு நிலையின் பெயர், பலத்தின் பெயர் அல்ல. தொலைக்காட்சி விளம்பரங்களில் வரும் "நோய் எதிர்ப்புச் சக்தி"யோ கூட்டக் கூட்ட நல்லது என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று, பிறகு புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இமியூனிட்டியின் மூலம் லத்தீன். முனுஸ் என்றால் ஊருக்குச் செய்யவேண்டிய கடமை, கட்டவேண்டிய வரி. அதிலிருந்து விலக்குப் பெற்றவர் இம்முனிஸ். இதற்குச் சரிநிகரான சொல் நம்மிடம் சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறது: இறையிலி, அதாவது வரி நீக்கிய நிலம். (இன்று அப்படி எழுதினால் நாத்திகம் என்று நினைப்பார்கள்.) முதலாம் நூற்றாண்டு ரோமக் கவிஞர் லூக்கன், பாம்பு கடித்தாலும் விஷம் ஏறாத வட ஆபிரிக்க மக்களைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல்லை எடுத்தாண்டார். புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் எங்கள் ஆட்களுக்கு அந்தக் கவிதை விளங்கியிருக்கும். மருத்துவத்தில் சொல் நிலைகொண்டது 19ஆம் நூற்றாண்டில்தான்.

சரி, புற்றுநோய்க்கு வருவோம். கிருமி வெளியிலிருந்து வரும் தத்தி மாதிரி, பார்த்தவுடன் தெரியும். புற்றுநோய்க் கலமோ (செல்) பன்றி நெல் என்ற களை மாதிரி. நெல்லோடு நெல்லாகவே முளைக்கும், கதிர் தள்ளும்வரை பிரித்தறிவது கஷ்டம். நம் கலத்திலிருந்தே பிறந்தது. பாடநூல் தரும் "பிறபொருளெதிரி" என்ற அழகான சொல் (கிருமியைப் பிடிக்கும் அன்ரிபொடி) இந்த இடத்தில் கொஞ்சம் திணறும். இங்கே எதிரி பிறபொருளே அல்லவே.

ஆனாலும் உடலின் ரி கலங்கள் (காவல் நிற்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) பல சமயம் அதை அடையாளம் கண்டுவிடுகின்றன. கண்டும் ஏன் அடிப்பதில்லை என்பதுதான் கேள்வி. 1992இல் ஜப்பானில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு ரி கலத்தின் மேற்பரப்பில் பீ.டி-1 என்ற புரதத்தைக் கண்டது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் சி.ரி.எல்.ஏ-4 என்ற இன்னொன்றில் வேலை செய்தார். இரண்டும் ரி கலத்தை அடக்கி வைப்பவை. அடக்கம் தேவைதான், இல்லாவிட்டால் அது சொந்த உடலையே மேயும். பல புற்றுநோய்க் கலங்கள் செய்யும் கெட்டித்தனம், பீ.டி-1ஐப் பிடிக்கும் புரதத்தைத் தங்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்பது. ரி கலம் கிட்ட வந்ததும் அந்தப் புரதம் தொடும், ரி கலம் அடங்கிவிடும். அந்தப் பிடியை மறிக்கும் மருந்துகள் புற்றுநோயை நேரே கொல்வதில்லை, ரி கலத்தை அவிழ்த்து விடுகின்றன. சி.ரி.எல்.ஏ-4ஐ மறிக்கும் மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு. 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்த அடக்கும் புரதங்களை ஆங்கிலத்தில் செக்பொயின்ற் என்கிறார்கள். அப்படியே "சோதனைச்சாவடி" என்று பெயர்த்தால் வன்னியில் எடுபடாது. ஓமந்தை இராணுவச் சாவடியில் பையைத் திறந்து காட்டி வரிசையில் நின்ற எவருக்கும் சாவடியில் நிற்கவேண்டியவர் பயணி என்றுதான் தெரியும். இங்கே நிறுத்தப்படுவது காவல் நிற்கிறவர்!

எனக்கு அது மாட்டின் மூக்கில் போடும் நாணயக்கயிறாகத்தான் தெரிகிறது. காளைக்குப் பலம் குறையவில்லை, கயிற்றை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். மருந்து அந்தக் கையைத் தட்டிவிடுகிறது. காளை சில வேளை நம் பயிருக்குள்ளும் இறங்கிவிடும்: குடல் அழற்சி, தைரொயிட் அழற்சி எல்லாம் இந்தச் சிகிச்சையின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். சக்தியைக் கூட்டும் கணக்கு இங்கே பொருந்தாததற்குக் காரணம் இதுதான். தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் பஸ் ஏறும் நோயாளியிடம் "எதிர்ப்புச் சக்தி கூடுற சாமான் சாப்பிடுங்கோ" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

என் தீர்ப்பு இது: நிலைக்கு நிர்ப்பீடனம், அந்த நிலைக்காக உடல் செய்யும் வேலைக்கு நோயெதிர்ப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் நோய்த்தடைக்காப்பும் நல்ல சொல், நீளம்தான் இடிக்கிறது. செக்பொயின்ற்றுக்கு என் கொப்பியில் "நாணயத்தடை" என்று எழுதி வைத்திருக்கிறேன். காசு விவகாரமோ என்று மருமகள் கேட்டாள். அம்மம்மா கேட்கவில்லை.