நர்ஸ் பிராக்டிஷனர்: 'செவிலியர் பயிற்சியாளர்' என்று எழுதலாமா?

அமெரிக்க மருத்துவச் செய்திகளைத் தமிழில் தருகிறவர்கள், நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிற செவிலியரைக் குறிக்கும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பெயரைக் கண்டாலே 'செவிலியர் பயிற்சியாளர்' என்று எழுதிவிடுகிறார்கள். கணினி மொழிபெயர்ப்பும் இதையே தருகிறது. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

செவிலி பழைய சொல், தலைவியை வளர்த்த தாய். தோழி அவள் மகள் என்கிறது தொல்காப்பியம். பிராக்டிஷனர் கிரேக்க வேரில் பிறந்து லத்தீன் வழி வந்தது. ஒரு தொழிலைச் செய்து வருபவர் என்று பொருள்.

கோளாறு பிராக்டிஸில் இருக்கிறது. ஆட்டம் பழகுவதும் பிராக்டிஸ், வக்கீல் தொழில் நடத்துவதும் பிராக்டிஸ். "அந்த டாக்டர் தனியா பிராக்டிஸ் பண்ணுதாரு" என்று பாளையங்கோட்டையில் யாராவது சொன்னால், அவர் ஊசி போடப் பழகுகிறார் என்று ஒருவரும் நினைப்பதில்லை. எழுத உட்கார்ந்ததும் அந்தத் தெளிவு எங்கே போகிறது? பயிற்சியாளர் என்றால் நமக்குச் சொல்லிக்கொடுப்பவர். கபடிப் பயிற்சியாளர் என்கிறோமே, அதுபோல. அப்படியானால் செவிலியர் பயிற்சியாளர் நர்சிங் கல்லூரி ஆசிரியை ஆகிவிடுகிறார். பயிற்சி பெறும் மாணவி என்று படிப்பவர்களும் உண்டு. இரண்டும் தப்பு.

1965-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் தொடங்கியதுதான் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இன்று அங்கே முதுநிலைப் பட்டம் பெற்ற செவிலியர் நோயாளியைப் பரிசோதிக்கிறார், நோய் இன்னதென்று கண்டறிகிறார், மருந்தும் எழுதுகிறார். இந்தியாவிலும் தீவிர சிகிச்சைக்கு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் மகப்பேற்றுக்கு 18 மாதப் பயிற்சியும் வந்துவிட்டன. இனி இந்தப் பெயர் நம் ஆஸ்பத்திரிப் பலகைகளிலும் ஏறும்.

'செவிலிய மருத்துவர்' என்கிறார்கள் சிலர். கூடவே கூடாது. மானூர்ப் பக்கமிருந்து வரும் ஆச்சி பலகையைப் பார்த்து டாக்டரம்மா என்றே நம்பிவிடுவார். தன்னைப் பார்ப்பவர் யார் என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. செவிலியருக்கும் தன் தொழிலின் பெயரிலேயே மதிப்பு வேண்டும், இன்னொரு தொழிலின் பெயரை ஒட்டவைத்து அல்ல. 'மேம்பட்ட செவிலியர்' என்றாலோ மற்றவர்கள் மட்டமா என்ற கேள்வி வரும்.

நம் பக்கத்துப் பேச்சிலேயே நல்ல சொல் கிடக்கிறது: பண்டுவம். எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறவரும் பண்டுவம் பார்க்கிறார், பிள்ளை பெற்றவளைக் கவனிக்கிற கிழவியும் பண்டுவம் பார்க்கிறாள். அவர்களை யாரும் டாக்டர் என்பதில்லை, ஆனால் சிகிச்சை நடக்கிறது. நமக்கு வேண்டியது இந்தப் பொருள்தானே? ஆகவே பண்டுவச் செவிலியர் என்கிறேன். மாட்டுக்குப் பார்ப்பதும் பண்டுவம்தானே என்று முகம் சுளிப்பவர்கள், மாட்டுக்கும் மருத்துவர் இருக்கிறார் என்பதை நினைக்க வேண்டும்.

அப்புறம், துறையைச் சேர்ப்பதும் எளிது: தீவிர சிகிச்சைப் பண்டுவச் செவிலியர், மகப்பேற்றுப் பண்டுவச் செவிலியர். பலகை எழுதுகிறவர்கள் அந்தச் 'ச்'சை மட்டும் விட்டுவிட வேண்டாம்.